முந்திரிக் கடைக்கு வியூவா, ரியாக்ட்டா?

கேள்வி: அண்ணா, நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். பி.காம். முடித்துவிட்டு வெப் டெவலப்மென்ட் கற்றுக்கொண்டிருக்கிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் நன்றாகத் தெரியும், ஜாவாஸ்கிரிப்ட் சுமார். மாமா முந்திரிக் கடை வைத்திருக்கிறார். விலைப்பட்டியலும், எத்தனை கிலோ என்று போட்டால் மொத்தத் தொகை காட்டுகிற மாதிரியும் ஒரு பக்கம் செய்து தரச் சொல்கிறார். ஜாவாஸ்கிரிப்ட்டில் பக்கம் கட்ட உதவும் கருவித்தொகுப்புகளில் ரியாக்ட், வியூ, ஆங்குலர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யூடியூப் பார்த்து ரியாக்ட் போட்டேன், முதல் கட்டளையிலேயே சிவப்பாகப் பிழை வந்தது. எங்கிருந்து தொடங்குவது? பின்னால் வேலைக்கும் இது உதவ வேண்டும்.

பதில்: முதலில் அந்தச் சிவப்புப் பிழையைப் பார்த்துவிடுவோம். பாதிப் பேர் லேப்டாப்பை மூடி வைப்பது அந்த இடத்தில்தான். நீங்கள் பார்த்த வீடியோ அநேகமாக நாலைந்து வருடப் பழசாக இருக்கும். அப்போதெல்லாம் ரியாக்ட் என்றால் 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்ற கருவியில்தான் எல்லாரும் தொடங்குவார்கள். 2024 டிசம்பரில் ரியாக்ட் 19 வந்தபோது அந்தக் கருவி புதுப் பதிப்போடு ஒத்துப்போகாமல் பலருக்குத் தொடக்கத்திலேயே முட்டிக்கொண்டது. 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. ஆக, தப்பு உங்கள் மேல் இல்லை. இனி வீடியோ பார்க்கும்போது தலைப்பைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

சரி, எது? உங்கள் கணக்கில் ஆங்குலரை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். பெரிய நிறுவனத்தில் இருபது பேர் சேர்ந்து கட்டும் வேலைக்கு அதன் கட்டுப்பாடுகள் நல்லவை. ஒற்றை ஆள் ஒரு கடைப் பக்கம் செய்ய அவ்வளவு சாமான் தேவையில்லை. மீதி இரண்டு. ரியாக்ட் 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்டது, வேலை விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படும் பெயர். வியூ 2014-இல் எவன் யூ என்ற தனி மனிதர் வெளியிட்டது. நான் சொல்வது: கடைப் பக்கத்தை வியூவில் செய்யுங்கள். அது ஓடிய பிறகு அதே பக்கத்தை ரியாக்ட்டில் இன்னொரு முறை எழுதுங்கள். இரண்டாவது முறை உங்களுக்கு வாரக்கணக்கு ஆகாது.

வியூவை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே எழுதிய எச்டிஎம்எல் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வரி சேர்த்தால் போதும், வியூ ஓடும். எதையும் நிறுவ வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த எச்டிஎம்எல் அப்படியே எச்டிஎம்எல்லாக இருக்கும், நடுவில் சில சிறப்புக் குறிகள் மட்டும் வரும். ரியாக்ட்டில் எழுதும் ஜேஎஸ்எக்ஸை (ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எச்டிஎம்எல் போல எழுதும் முறை) பிரவுசர் நேரடியாகப் புரிந்துகொள்ளாது, அதை மாற்றித் தர ஒரு கருவி வேண்டும். பழைய பாணியில் ஸ்கிரிப்ட் வரியாகச் சேர்க்கிற தயார்க் கோப்பையும் ரியாக்ட் 19-இல் எடுத்துவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட் 'சுமார்' என்று சொல்கிறவருக்கு இத்தனை கதவுகள் முதல் நாளில் வேண்டாம்.

ஆனால் வியூவைத் தொடுவதற்கு முன் இரண்டு வாரம் வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே அந்தப் பக்கத்தைச் செய்து பாருங்கள் என்பேன். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அர்ரே, ஆப்ஜெக்ட், மேப், ஃபில்டர், ஏரோ ஃபங்ஷன், இம்போர்ட், எக்ஸ்போர்ட், ஃபெட்ச் இவ்வளவும் கைக்கு வந்திருக்க வேண்டும். செய்யும்போது இரண்டு இடத்தில் அடி வாங்குவீர்கள். ஒன்று, இன்புட் பெட்டியில் இருந்து வருவது எண் இல்லை, எழுத்து. 2 கிலோவையும் 3 கிலோவையும் கூட்டினால் 23 கிலோ என்று வரும். இரண்டாவதுதான் முக்கியமானது: ஒரு விலை மாறினால் பட்டியலில் மாற்ற வேண்டும், அந்த வரியின் தொகையில் மாற்ற வேண்டும், கீழே மொத்தத்திலும் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்துவிடுவீர்கள்.

இது உங்கள் மாமாவுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை. வாசலில் உள்ள பலகையில் ஒரு விலை, பில் புத்தகத்தில் ஒரு விலை, கடைப் பையன் சொல்வது ஒரு விலை. கடைக்காரர் என்ன செய்வார்? கல்லாவில் ஒரு நோட்டு வைப்பார். அதில் எழுதியதுதான் விலை, மற்றதெல்லாம் அதைப் பார்த்து மாற வேண்டும். வியூவும் ரியாக்ட்டும் செய்வது அந்த வேலைதான். நீங்கள் தரவை மட்டும் ஓர் இடத்தில் மாற்றுகிறீர்கள். திரையில் எங்கெங்கு அது தெரிகிறதோ அங்கெல்லாம் அவை மாற்றிவிடும். இந்த நோட்டுக்குத்தான் ஸ்டேட் என்று பெயர். வலித்த பிறகு இதைப் படித்தால் உடனே மனதில் நிற்கும், இல்லாவிட்டால் வெறும் சொல்.

அப்புறம் காம்போனென்ட். உங்கள் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். ரகம், விலை, கிலோ பெட்டி, தொகை உள்ள ஒரு வரி. டபிள்யூ-180, டபிள்யூ-240, டபிள்யூ-320, அரைப் பருப்பு, உடைத்தது என்று ரகம் எத்தனை இருந்தாலும் வரியின் அமைப்பு ஒன்றுதான். அந்த வரியை ஒரு முறை எழுதி, ஒரு பெயர் வைத்து, தேவையான தடவை பயன்படுத்துவதுதான் காம்போனென்ட். (அந்த எண் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அதிகபட்சம் எத்தனை பருப்பு நிற்கும் என்பது. ஆகவே எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் கூட. வாடிக்கையாளருக்கு இதைப் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.) தொடக்கத்தில் வரி ஒன்று, மொத்தம் காட்டும் கட்டம் ஒன்று, இரண்டையும் தாங்கும் பக்கம் ஒன்று, மூன்று காம்போனென்ட் போதும். பட்டனுக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று என்று நறுக்கிக்கொண்டே போகாதீர்கள்.

மேலே இருக்கும் பக்கம் கீழே இருக்கும் வரிக்கு ரகத்தையும் விலையையும் கொடுக்கும். இதற்குப் பெயர் ப்ராப்ஸ். கடைப் பையன் கையில் விலைச் சீட்டு கொடுப்பது மாதிரி. அவன் அதைப் பார்த்து எடை போடலாம், சீட்டைத் திருத்தக் கூடாது. வாடிக்கையாளர் குறைத்துக் கேட்டால் கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். வியூவில் அந்தக் குரலுக்கு எமிட் என்று பெயர். ரியாக்ட்டில் மேலிருந்தே ஒரு ஃபங்ஷனைக் கொடுத்து அனுப்புவார்கள். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. விலையை வெறும் எண்ணாக அனுப்பி, அதை வரிக்குள்ளே மாற்றப் பார்த்தால் வியூ எச்சரித்துத் தடுத்துவிடும். முழு ரகத்தையும் ஒரே ஆப்ஜெக்டாக அனுப்பி அதன் உள்ளே விலையை மாற்றினால் தடுக்காது, மேலே இருக்கும் நோட்டிலேயே சத்தமில்லாமல் திருத்திவிடும். பக்கம் சரியாக ஓடுவது போலவே இருக்கும். மாதம் கழித்து விலையை யார் மாற்றியது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது 'கீ'. பட்டியலை வி-ஃபார் என்ற வியூ குறியைக் கொண்டு வரிசையாகக் காட்டும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு கீ, அதாவது அடையாளம், கொடுக்கச் சொல்வார்கள். பலரும் வரிசை எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். புதுச்சேரியில் ஒரு சொந்தக்காரரின் மளிகைக் கடைக்கு ஆர்டர் பக்கம் எழுதினேன். ஒவ்வொரு வரியும் தன் அளவைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. முதல் வரியில் 5 கிலோ உளுந்து, இரண்டாவதில் 1 கிலோ ஏலக்காய். வாடிக்கையாளர் உளுந்து வேண்டாம் என்று நீக்கினார். திரையில் ஏலக்காய்க்கு எதிரே 5 கிலோ வந்து நின்றது. தொகையைப் பார்த்து அவர் போனில் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

ஏன் அப்படி? ரேஷன் கடை வரிசையில் முதலாவது ஆள், இரண்டாவது ஆள் என்று மட்டும் குறித்துவைத்து, முன்னால் நின்றவர் போய்விட்டால், அவருக்கு எடுத்துவைத்த பை அடுத்தவர் கைக்குப் போகும். குடும்ப அட்டை எண்ணைக் குறித்திருந்தால் போகாது. உங்கள் பக்கத்தில் குடும்ப அட்டை எண் என்பது ரகத்தின் குறியீடு. அதையே கீயாகக் கொடுங்கள். கூடவே, அளவை வரிக்குள் வைக்காமல் மேலே உள்ள பக்கத்தில் வையுங்கள். மொத்தம் போடுவதும் அங்கேதான் என்பதால் அளவும் அங்கே இருப்பதுதான் முறை. மொத்தத்தைத் தனி ஸ்டேட்டாக வைக்காதீர்கள். விலையும் அளவும் இருந்தால் மொத்தம் தானே வரும், வியூவில் அப்படித் தானே கணக்கிட்டுத் தரக் கம்ப்யூட்டட் என்ற வசதி இருக்கிறது.

ஸ்கிரிப்ட் வரியில் ஒரு வாரம் ஓட்டிய பிறகு முறையான ப்ராஜெக்ட்டுக்கு மாறுங்கள். பிரவுசருக்கு வெளியே கணினியில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் தளத்தில் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு உள்ளது) என்று போட்டிருக்கும் பதிப்பை நிறுவுங்கள், பிறகு வியூவின் அதிகாரப்பூர்வ ஆவணத்தில் தொடக்கப் பக்கத்தில் உள்ள கட்டளையை அப்படியே எடுத்து ஓட்டுங்கள். அது கேட்கும் கேள்விகளில் டைப்ஸ்கிரிப்ட், ரவுட்டர், பினியா போன்ற கூடுதல் வசதிகள் எல்லாவற்றுக்கும் இப்போது வேண்டாம் என்றே சொல்லுங்கள். பின்னணியில் வேலை செய்வது வீட் என்ற கருவி. பலர் 'வைட்' என்கிறார்கள். அது பிரெஞ்சுச் சொல், 'சீக்கிரம்' என்று பொருள்; வியூவின் எழுத்துக்கூட்டும் பிரெஞ்சில் 'பார்வை'. எங்கள் புதுச்சேரியில் தெருப் பலகையில் 'ரூ' (பிரெஞ்சில் தெரு) பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு பெயரிலும் ஒரு சின்ன சந்தோஷம். ஓடத் தொடங்கியதும் உங்கள் கணினியின் உள் முகவரியில் 5173 என்ற போர்ட் எண்ணில் பக்கம் திறக்கும். அந்த எண்ணே வீட் என்ற பெயரை இலக்கங்களில் எழுதியதுதான்: 5 ரோமன் எண்ணில் 'வி', மற்ற மூன்றும் எழுத்தின் சாயல். கட்டளையோடு ஹோஸ்ட் என்ற தேர்வைச் சேர்த்தால் அதே வைஃபையில் உள்ள உங்கள் போனிலும் பக்கம் திறக்கும். மாமாவிடம் போனில் காட்டுங்கள், லேப்டாப்பில் அல்ல. வாங்க வருகிறவர்கள் பார்ப்பது போனில்தான்.

வியூவிலும் பழைய வீடியோ தொல்லை உண்டு. வியூ 2-க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. வியூ 3-இல் எழுதும் முறையே இரண்டு, 'ஸ்கிரிப்ட் செட்அப்' என்று தொடங்கும் பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மாறக்கூடிய மதிப்பை ரெஃப் என்று வைப்பார்கள்; அந்த மதிப்பை ஸ்கிரிப்ட் பகுதியில் தொடும்போது 'டாட் வேல்யூ' போட வேண்டும், டெம்ப்ளேட்டில், அதாவது எச்டிஎம்எல் பகுதியில், வேண்டாம். முதல் மாதம் முழுக்க இதை மறப்பீர்கள். எண் மாறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். பின்னால் ரியாக்ட்டுக்குப் போகும்போது அங்கே வேறு பழக்கம்: அர்ரேயில் புஷ் செய்தால் திரை மாறாது, புது அர்ரே ஒன்றைக் கொடுத்தால்தான் மாறும்.

விலையைக் காம்போனென்ட்டுக்குள் எழுதாமல் தனி ஜேசன் கோப்பில் (தரவை மட்டும் எழுதிவைக்கும் எழுத்துக் கோப்பு) வையுங்கள். முந்திரி விலை மாறும்போதெல்லாம் அந்த ஒரு கோப்பைத் திருத்தினால் முடிந்தது. ஆர்டரை வாட்ஸ்அப் இணைப்பாக அனுப்பலாம், தனி சர்வர் வேண்டாம். செய்தியில் தமிழும் இடைவெளியும் இருப்பதால் அதை என்கோட் செய்த (இணைப்பில் செல்லக்கூடிய குறிகளாக மாற்றிய) பிறகே இணைப்பில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி செய்தி அறுந்து போகலாம். பிரவுசரில் போட்ட மொத்தத்தை யாரும் மாற்றி அனுப்ப முடியும், ஆகவே மாமா தன் நோட்டைப் பார்த்து ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளட்டும்.

பக்கத்தை இணையத்தில் ஏற்ற, எல்லாவற்றையும் தயார்க் கோப்புகளாக மாற்றும் பில்ட் கட்டளை கொடுத்தால் 'டிஸ்ட்' என்ற ஃபோல்டர் வரும். அதை கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை போன்ற இடங்களில் இலவசமாக வைக்கலாம். கிட்ஹப் பேஜஸில் ஏற்றியதும் வெறும் வெள்ளைத் திரை வந்தால் பயப்படாதீர்கள். முகவரியில் உங்கள் ப்ராஜெக்ட்டின் பெயரும் சேர்ந்து வருவதால் கோப்புகளை அது தவறான இடத்தில் தேடுகிறது. வீட் கான்ஃபிக் கோப்பில் 'பேஸ்' என்ற இடத்தில் அந்தப் பெயரை முன்னும் பின்னும் சாய்கோடு வைத்துக் கொடுத்து, மறுபடி பில்ட் செய்து ஏற்றுங்கள். அப்படியே முந்திரிப் படங்களையும் பாருங்கள் தம்பி. போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே போட்டிருந்தால் பண்ருட்டி பஸ்ஸில் உட்கார்ந்து விலை பார்ப்பவருக்குப் படம் வருவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். 100 கேபிக்குள் சுருக்கிப் போடுங்கள்.