மறுகரைக் குரல்: கேள்வி பதில்

கேள்வி (தங்கச்சிமடம்): அண்ணே, நமக்குப் பிடித்ததையே ஃபேஸ்புக் காட்டுவதால்தானே இவ்வளவு பகை?

அது மட்டும் காரணம் இல்லை தம்பி. 2020 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் சுமார் 23,000 பேருக்கு, அவரவர் கருத்தோடு ஒத்துப்போகிறவர்களின் பதிவுகளை ஃபேஸ்புக்கில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது: மாற்றுக் கட்சி மேல் இருந்த வெறுப்பு குறையவில்லை. நம் பக்கம் பேச்செல்லாம் வாட்ஸ்அப் குழுவில். அங்கே செய்தி வந்த வரிசையில்தான் நிற்கிறது. தெரு, சங்கம், கட்சி என்று குழு பிரித்தது நாம்தான்.

கேள்வி (தொண்டி): ஃபார்வர்டை நம்பலாமா?

இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. விசாரிக்காமல் அனுப்பாதீர்கள்.

கேள்வி (பாம்பன், நாட்டுப்படகு): விசைப்படகுக்காரர்கள் குழுவில் இழுவைமடியை, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலையை, நியாயப்படுத்துகிறார்கள். அங்கே போய் நான் என்ன கேட்க?

கேள்வி (ராமேஸ்வரம், விசைப்படகு): அவர்கள் குழுவில் எங்களைக் கடலை அழிப்பவர்கள் என்கிறார்கள். எங்கள் டீசல் கடனைப் பற்றி யார் கேட்டார்கள்?

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பாம்பன் குழுவில் அறுந்த வலையின் படம் வரும், டீசல் பில் வராது. ராமேஸ்வரம் குழுவில் பில் வரும், வலை வராது. இரண்டும் உண்மை. ஆனால் மூன்றாவது குரல் ஒன்று இரண்டிலுமே இல்லை. மன்னார், யாழ்ப்பாண மீனவர்கள் நம் தமிழில்தான் பேசுகிறார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். தங்கள் வலையை நம் இழுவைப்படகு அறுத்துப் போகிறது என்று வருஷக்கணக்காகச் சொல்கிறார்கள். 2017-ல் இலங்கை தன் நாட்டிலேயே இழுவைமடியைத் தடை செய்தது. நம்மவர் சிறைபிடிக்கப்பட்ட செய்தி நம் குழுக்களில் நிமிஷத்தில் பரவுகிறது, பரவவும் வேண்டும். அவர்கள் வலை அறுந்த செய்தி ஏன் வருவதில்லை? அங்கே சொந்தபந்தம் உள்ளவர்கள் நம் கரையில் எத்தனையோ பேர். ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி (ராமேஸ்வரம், அதே நண்பர்): அப்போ எங்கள் பிழைப்பு?

அதையும் பாம்பன் குழுவில் எழுதுங்கள். அவர்களும் படிக்கட்டும்.

கேள்வி (கீழக்கரை): எதிர்க்கருத்துப் பக்கங்களைப் பின்தொடர்ந்தால் மனம் விரியுமா?

எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க ட்விட்டர் பயனாளர்களை எதிர்த்தரப்புப் பதிவுகளை ஒரு மாதம் படிக்க வைத்தார்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்கள் நிலையில் இன்னும் இறுகினார்கள். கத்துகிறவரை விடுங்கள். நிதானமாகப் பேசும் ஒருவரைத் தேடுங்கள், முடிந்தால் நேரில் தெரிந்தவராக.

கேள்வி (தேவிபட்டினம்): கச்சத்தீவு யாருக்கு?

1974, 1976 ஒப்பந்தங்களைப் படித்துவிட்டு வழக்கறிஞரிடம் கேளுங்கள். என் துறை இல்லை.

கேள்வி (மண்டபம்): பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியதாக ஒரு படம் வந்தது, அனுப்பலாமா?

மறுபடியும் இதே கேள்வி. பழைய புயலின் படமாக இருக்கலாம். துறைமுக அலுவலகத்தில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.