வாசகர் கேள்வி: கார்கில் நாளும் முன்னாள் படைவீரர்களும்

கேள்வி: ஜூலை 26 கார்கில் வெற்றி நாளுக்கு எங்கள் பள்ளிக்கு முன்னாள் படைவீரர்கள் ஏழு பேரை அழைத்திருக்கிறோம். பட்டாசு, நடனம் என்று விமரிசையாக நடத்தலாமா? அவர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள்?

பதில்: பட்டாசு வேண்டவே வேண்டாம். பீரங்கிக்கு நடுவே இருந்து வந்தவருக்குத் திடீர் வெடிச்சத்தம் இத்தனை வருஷம் கழித்தும் உடம்பைத் தூக்கிப் போடலாம். மேடையில் காட்டிக்கொள்ள மாட்டார்; அன்றிரவு தூக்கம் போய்விடும். நடனத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் வெற்றி நாள். 1999 மே முதல் ஜூலை வரை நடந்த அந்தச் சண்டையில் நம் பக்கம் 527 பேர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். டோலோலிங், டைகர் ஹில் என்று அங்கே சண்டை நடந்த சிகரங்களின் பெயரை நீங்கள் சொல்லும்போது அங்கே போனவருக்குக் கூட இருந்தவனின் முகம்தான் வரும். அவன் பெயரை யாராவது சபையில் சொல்ல மாட்டார்களா என்பதுதான் பெரும்பாலானோரின் எதிர்பார்ப்பு.

ஆகவே ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள். எந்த ரெஜிமெண்ட், என்ன பதவி, யார் பெயரை வாசிக்க வேண்டும் என்று கேட்டு எழுதி, எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டுங்கள். பெயர்கள் பிழையாவது இந்த இடத்தில்தான். மேடையில் ‘மிலிட்டரிக்காரர்’ என்று பொத்தாம்பொதுவாக அழைக்காமல் ஹவில்தார், சுபேதார் என்று பதவியோடு அழையுங்கள். அழைப்பிதழில் ‘ஓய்வு’ என்பது பெயருக்குப் பின்னால் வரட்டும்; ஓய்வு பெறுவது ஆள்தான், பதவி இல்லை. ஏழு பேரும் கார்கிலில் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. 1971 போரிலோ சியாச்சினிலோ இருந்தவர் சொல்லும் பெயரையும் சேர்த்தே வாசியுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: பெயர் வாசிப்பு, மலர்வளையம், லாஸ்ட் போஸ்ட் (இறந்த வீரர்களுக்கு ஊதும் அஞ்சலி இசை), 2 நிமிட மௌனம், ரௌஸ் (மௌனம் முடிந்ததும் ஊதும் இசை), கடைசியில் தேசிய கீதம். இந்த இசைக்குப் பியூகிள் என்ற ஊதுகொம்பு ஊதுபவர் கிடைக்காவிட்டால் ஒலிப்பதிவு போதும். அதைப் போனிலிருந்து நேரடியாக ஓடவிட்டால் நடுவில் அழைப்பு மணி அடிக்கும். பென் டிரைவில் ஏற்றி முந்தின நாளே போட்டுப் பாருங்கள். மௌனத்துக்குக் கடிகாரத்தோடு ஒருவரை நிறுத்துங்கள். ஆள் இல்லாவிட்டால் 40 விநாடியிலேயே யாராவது மைக்கில் ‘நன்றி’ சொல்லிவிடுவார், வந்தவர்களை அது மிகவும் வருத்தும்.

மௌனத்துக்கும் கீதத்துக்கும் எப்படியும் எழுந்து நிற்பார்கள். முட்டி வலிக்காரர் ஊன்றி எழக் கைப்பிடி உள்ள நாற்காலி அவசியம். தலைமை விருந்தினர் தாமதமானால் இவர்களை வெயிலில் காக்க வைக்காமல் ஆரம்பித்துவிடுங்கள்.

“எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்படிக் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குளிர், சாப்பாடு, வீட்டுக் கடிதம், கூட இருந்தவர்கள் பற்றிக் கேட்டால் மனம்விட்டுப் பேசுவார்கள்.

கேள்வி: காலமான என் கணவரின் பதக்கங்களை நான் அணிந்து வரலாமா?

பதில்: தாராளமாக அணியலாம் அம்மா. வீரர் தம் பதக்கத்தை இடது மார்பில் அணிவார். அவருக்காகக் குடும்பத்தார் அணியும்போது வலது மார்பில். பட்டுப்புடவையில் கனம் தாங்காமல் தொங்கும், உள்பக்கம் சிறு துணி வைத்துக் குத்துங்கள். பிரஷ்ஷும் பாலீஷும் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள், விளிம்பில் பொறித்த பெயரும் எண்ணும் மங்கிவிடும்.

கேள்வி: அன்று கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம், முழுக்கம்பத்தில்தான். அரைக்கம்பம் அரசு அறிவித்தால் மட்டுமே.