உடைக்க முடியாத மறைகுறி உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எந்தக் கணினியாலும் உடைக்க முடியாத மறைகுறி உண்மையிலேயே இருக்கிறதா? (சாட்ஸ்வர்த் வாசகர்)

இருக்கிறது. மறைகுறி என்பது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை; அப்படி மாற்றவும் மீட்கவும் உதவும் இரகசிய எண்தொடரே சாவி. செய்தியைவிட நீளத்தில் குறையாத, முற்றிலும் தற்செயலாக அமைந்த சாவியை ஒரே ஒரு முறை பயன்படுத்தி அழித்துவிட்டால், இடைமறிப்பவருக்குச் செய்தியின் நீளத்தைத் தவிர வேறெதுவும் தெரியவராது என்பதை அமெரிக்கக் கணிதவியலர் கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். சாவி அதைவிடக் குறுகினால் அந்த முழுமை கிட்டாது என்பதும் அதே கட்டுரையின் முடிவு.

அப்படியானால் எல்லோரும் ஏன் அதையே பயன்படுத்துவதில்லை? (பீனிக்ஸ் வாசகர்)

அவ்வளவு நீளமான சாவியை யாருக்கும் தெரியாமல் கொண்டுசேர்த்துக் காப்பது பெரும்பாடு. இதற்கு நம் டர்பனே சாட்சி. தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஏ.என்.சி.யின் (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) வூலா என்ற இரகசிய நடவடிக்கையில், லண்டனிலிருந்த அதன் உறுப்பினர் டிம் ஜென்கின் எழுதிய நிரலின் துணையோடு, தற்செயல் எண்கள் நிறைந்த கணினி வட்டுகளைச் சாவியாகக் கொண்டு, தலைமறைவுத் தோழர்கள் பொதுத் தொலைபேசி வழியாகவே லண்டனுடன் செய்தி பரிமாறினார்கள். அந்த வட்டுகளை விமானப் பணிப்பெண் ஒருவர் துணிந்து சுமந்துவந்தார். 1990 ஜூலையில் டர்பனில் தோழர்கள் கைதானபோது காவல்துறைக்குச் செய்திகள் கிடைத்தது மறைகுறியை உடைத்ததால் அன்று. மறைக்கப்படாமலேயே சேமித்துவைத்திருந்த கோப்புகள் அகப்பட்டன. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. உயிரைப் பணயம் வைத்து ஓடிக்கொண்டிருந்தவர்களிடமும் ஷானனின் தேற்றம் ஒரு தளர்வைக்கூடப் பொறுக்கவில்லை என்பதையே சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பின் மறைகுறியும் இவ்வாறு நிறுவப்பட்டதா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

இல்லை. அங்கே 256 பிட் அளவுள்ள குறுஞ்சாவிகள் செய்திகளைக் காக்கின்றன. அவற்றைத் தேடிப்பிடிக்க எந்தக் கணினிக்கும் காலம் போதாது என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு. குறுக்குவழியே கிடையாது என்பதற்கு நிறுவல் இல்லை. அத்தகைய கடினத்தைப் பொதுவாக நிறுவுபவர், பி (கணினி விரைவில் தீர்க்கக்கூடிய சிக்கல்கள்), என்.பி. (விடையைத் தந்தால் விரைவில் சரிபார்க்கக்கூடிய சிக்கல்கள்) ஆகிய வகுப்புகள் வேறுவேறு என்ற, இதுவரை யாரும் நிறுவாத கூற்றையும் சேர்த்தே நிறுவியவராவார். ஆயினும் அன்றாடத் தேவைக்கு நான் அதையே நம்புகிறேன். பூட்டாத கைப்பேசியும், மறைகுறியிடாத காப்புப் பிரதியுமே என்னைக் கவலைப்படுத்துகின்றன.

வங்கி அனுப்பும் ஓடிபி அந்த ஒருமுறைச் சாவிதானா? (டோங்காட் வாசகர்)

அன்று. அது ஒருமுறைக் கடவுச்சொல்; எதையும் மறைப்பதில்லை. உங்கள் எண்ணை மோசடியாக வேறொரு சிம்முக்கு மாற்றிவிட்டால் அது திருடனுக்கே போய்ச் சேரும். குறுஞ்செய்திக்குப் பதிலாக வங்கிச் செயலியில் ஒப்புதல் தரும் வசதி இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். கைப்பேசியில் காரணமின்றி சிக்னல் மறைந்தால் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை உடனே அழையுங்கள்.