ஜே.ஆர்.எஃப். வந்தால் இடம் வந்துவிடுமா?

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் எம்.எஸ்சி. தாவரவியல் முதலாமாண்டு படிக்கிறேன். அடுத்து பிஎச்.டி. செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கே, எப்படி என்பதில்தான் குழப்பம். "முதலில் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுது, ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்கிறார்கள் துறையில். சீனியர் அண்ணன் ஒருவர் மூன்று முறை எழுதியும் கிடைக்காமல் இப்போது பள்ளியில் வேலை பார்க்கிறார். இன்னொரு அக்கா நெட் எழுதாமலே ஜெர்மனிக்குப் போய்விட்டார். மூலக்கூறு உயிரியல் எடுத்தால்தான் எதிர்காலம் என்றும் சொல்கிறார்கள். எனக்குக் காட்டில் செடி பார்ப்பதுதான் பிடிக்கிறது. இரண்டாமாண்டு ப்ராஜெக்டுக்குச் சென்னையில் ஒரு தனியார் சென்டரில் முப்பதாயிரம் கட்டினால் பேப்பரும் போட்டுத் தருவார்களாம். சேரலாமா? அமெரிக்காவுக்கு ஜி.ஆர்.இ. எழுத வேண்டுமா? எதிலிருந்து தொடங்குவது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மு., திருநெல்வேலி மாவட்டம்

அன்புள்ள மு.,

சென்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். சேராதீர்கள். இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் கிடைப்பது ஏற்கெனவே பலர் செய்த ஓர் இலைச்சாறு, நான்கு பாக்டீரியா, தட்டில் பாக்டீரியா வளராமல் நின்ற வளையத்தின் விட்டம், அதற்கொரு அட்டவணை. வேலையை அவர்கள் செய்வார்கள், பெயர் மட்டும் உங்களுடையது. "பேப்பர்" என்பது காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஓர் இதழில் வரும். பிஎச்.டி. நேர்முகத் தேர்வில் குழு கேட்கத் தொடங்குவதே அந்த ப்ராஜெக்டிலிருந்துதான். சாற்றைக் கரைத்த எத்தனாலே பாக்டீரியாவைக் கொல்லவில்லை என்று எப்படித் தெரியும்? வெறும் எத்தனால் வைத்த தட்டு எங்கே? எத்தனை முறை திரும்பச் செய்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குள் சாயம் வெளுத்துவிடும்.

அதைவிட உங்கள் கல்லூரி வளாகத்திலேயே செலவில்லாமல் ஒரு சிறு கேள்வியை எடுங்கள். ஒரே புதர்ச்செடி சாலையோரத்திலும் உள்ளே தள்ளியும் நிற்கிறது என்றால், இரண்டு இடத்திலும் இருபது இருபது செடிகள், ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம், பூவுக்கு யார் வருகிறார்கள், கடைசியில் எத்தனை காய் பிடித்தது. நேரத்தையும் வெயிலையும் குறித்துவையுங்கள்; எல்லாச் சாலையோரச் செடிகளையும் காலையிலும் மற்றவற்றை மாலையிலும் பார்த்தீர்கள் என்றால் முடிவு குப்பைக்குத்தான் போகும். விடை "வேறுபாடு இல்லை" என்று வந்தாலும் பரவாயில்லை. ஏன் இருபது, ஏன் பதினைந்து நிமிடம் என்று உங்களால் சொல்ல முடிந்தால் குழு நிமிர்ந்து உட்காரும். கோடை விடுமுறையில் வெளி ஆய்வகம் வேண்டுமென்றால் மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. இரண்டு மாதம், உதவித்தொகையோடு. ஆனால் கோடைக்கான விண்ணப்பத்தை அதற்கு முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே போட்டுவிட வேண்டும். ஏப்ரலில் தேடுகிறவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இனி நெட். உங்கள் துறையில் ஒரு விஷயத்தைச் சேர்த்துக் குழப்புகிறார்கள். ஜே.ஆர்.எஃப். என்பது பணம், இடமல்ல. மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. 2023 முதல் இந்தத் தொகை. அது கையில் இருந்தாலும் நீங்கள் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, நேர்முகத்தில் தேறி, இடம் காலியாக உள்ள ஒரு கைடைப் பிடித்தாக வேண்டும். யு.ஜி.சி. விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்குத்தான் வழிகாட்டலாம். ஜே.ஆர்.எஃப். வாங்கிய பிறகு, "இந்த வருடம் வேக்கன்சி இல்லையேப்பா" என்ற பதிலைக் கேட்டு மாதக்கணக்கில் அலைகிறவர்கள் இதனால்தான் இருக்கிறார்கள். 2024 முதல், ஜே.ஆர்.எஃப். வராமல் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறும் பிரிவும் உண்டு. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும்; சேர்க்கையில் அதற்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30.

நெட்டின் உயிர் அறிவியல் தாளில் பலர் தோற்பது படிக்காமல் அல்ல. 200 மதிப்பெண்ணில் சரிபாதி சி பகுதியில் இருக்கிறது: 75 கேள்விகளில் 25, ஒவ்வொன்றுக்கும் நான்கு. ஏ பகுதியில் 20-இல் 15, பி பகுதியில் 50-இல் 35, இரண்டிலும் கேள்விக்கு இரண்டு. தவறான விடைக்குக் கால் பங்கு கழிவு. சி பகுதியில் முக்கால்வாசி கேள்விகளைப் புதிதாகப் படித்துக்கொண்டே மூன்று மணி நேரத்தைக் கரைப்பதுதான் வழக்கமான விபத்து. பாடத்திட்டத்தின் பதின்மூன்று அலகுகளையும் ஒரே ஆழத்தில் படிக்கத் தேவையில்லை. உங்களுக்குத் தாவர உடலியல், மரபியல், சூழலியல், பரிணாமமும் நடத்தையும், உயிரிகளின் பன்மை, ஆய்வு முறைகள் ஆகிய ஆறும் இயல்பாக வரும். இவற்றைச் சோதனைத் தரவைப் பார்த்து விடை சொல்லும் அளவுக்குப் படியுங்கள். மற்றவற்றைப் பி பகுதிக்குப் போதுமான அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட எண்ணிக்கைக்கு மேல் விடையளித்தால் முதலில் வருபவை மட்டுமே திருத்தப்படும் என்பதையும் மறக்காதீர்கள்.

இந்த ஒரு தேர்வை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. 2024 ஜூனில் நடக்க வேண்டியது தள்ளிப்போய் ஜூலை கடைசியில்தான் நடந்தது. அந்த இடைவெளியில் சில நிறுவனங்களின் சேர்க்கை முடிந்திருக்கும். உங்கள் விருப்பத்துக்கு கேட் தேர்வில் சூழலியலும் பரிணாமமும் என்றே தனித் தாள் இருக்கிறது, ஈ.ஒய். என்று குறிப்பார்கள். பிப்ரவரியில் நடக்கும், மதிப்பெண் மூன்றாண்டு செல்லும், எம்.எஸ்சி. முதலாமாண்டிலேயே எழுதலாம். புள்ளியியல் வரும், அதைக் கண்டு ஒதுங்காதீர்கள். அடுத்தது டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் உயிரியல் பிஎச்.டி. சேர்க்கைக்கு நடத்தும் ஜீபில்ஸ் தேர்வு. பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) போகிற வழி அது; வேறு பல நிறுவனங்களும் அந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கின்றன. மனப்பாடம் அங்கே செல்லாது. ஒரு வரைபடத்தைக் கொடுத்து இதிலிருந்து எதைச் சொல்ல முடியாது என்று கேட்பார்கள். இந்த மூன்றுக்கும் தயாரிப்பு பெரும்பகுதி ஒன்றுதான், விண்ணப்பத் தேதிதான் வேறு வேறு. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை வாரம் ஒருமுறை அறிவிப்புப் பக்கங்களைப் பாருங்கள்.

மூலக்கூறா, காடா என்ற கேள்விக்கு வருகிறேன். ஐந்து வருடம் தினமும் எந்த வேலையைச் செய்யச் சலிக்காது என்று பார்த்து எடுங்கள். மூலக்கூறு ஆய்வகத்தில் பகல் முழுக்கப் பிப்பெட், குளிர்பெட்டி, வராத பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கும் முறை) பட்டை. களச் சூழலியலில் அட்டைக்கடி ஆறு மாதம். மிச்ச நேரமெல்லாம் கணினி முன்னால் ஆர் என்ற நிரல்மொழியில் தரவுப் பகுப்பாய்வு. காட்டுக்குப் போகத்தான் பிடிக்கும், கணக்கு ஆகாது என்றால் சூழலியல் பிஎச்.டி. உங்களைக் கசக்கிப் பிழிந்துவிடும். இப்போதே ஆர் கற்கத் தொடங்குங்கள், இலவசம்தான். உங்களுக்குப் பொருந்தும் இடங்கள் என்று எனக்குத் தோன்றுபவை: இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், என்.சி.பி.எஸ்., திருவனந்தபுரம், திருப்பதி ஐசர்கள் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்), புதுச்சேரிப் பல்கலைக்கழகம், பெங்களூருவில் சூழலியல் ஆய்வு செய்யும் அட்ரீ அறக்கட்டளை. அட்ரீயின் களநிலையம் மணிமுத்தாறில் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் வரலாம். செடியை அடையாளம் காண்பதில்தான் ஆர்வம் என்றால் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல ஹெர்பேரியத்தையும் (உலர்தாவரத் தொகுப்பு) புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தையும் பாருங்கள். வகைப்பாட்டியலுக்கு வேலை குறைவு, உண்மைதான். ஆனால் தாவரங்களைச் சரியாக இனங்காணத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

நிறுவனத்தின் பெயரைவிட யாரிடம் சேர்கிறீர்கள் என்பதுதான் முக்கியம், அதைச் சேரும் முன்பே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சோத்கங்கா தளத்தில் கைடின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் கிடைக்கும். பல பதிவுகளில் பதிவுசெய்த தேதியும் முடித்த தேதியும் இருக்கும். ஏழு, எட்டு வருடம் என்பது ஒருவருக்கு நடந்தால் அவர் பாடு. தொடர்ந்து நாலு பேருக்கு நடந்தால் ஆய்வகத்தின் பழக்கம். அடுத்து, கூகுள் ஸ்காலரில் கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகளை எடுத்து முதல் ஆசிரியர் யார் என்று பாருங்கள். மாணவர்கள் முதல் பெயராக வருகிறார்களா? ஆய்வகப் பக்கத்தில் பழைய மாணவர் பட்டியல் இருக்கிறதா? பட்டியலில் இருந்து திடீரென மறைந்த பெயர்கள் உண்டா? இப்போது அங்கிருக்கும் ஒருவரிடம் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: உதவித்தொகை தாமதமானால் என்ன செய்கிறீர்கள், கடைசியாக யார் விலகினார், கைடு ஒரு வரைவுக் கட்டுரையைத் திருத்தித் தர எவ்வளவு நாளாகும். "கைடு நல்லவரா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். தொலைபேசியில்தான் கேளுங்கள், இப்படிப்பட்டவற்றை யாரும் எழுத்தில் தர மாட்டார்கள்.

கைடுக்கு எழுதும் மின்னஞ்சல் இருநூறு சொற்களைத் தாண்ட வேண்டாம். பொருள் வரியில் பிஎச்.டி. விண்ணப்பம், எந்த ஆண்டு, எந்தத் தலைப்பு. முதல் பத்தியில் நீங்கள் யார், இரண்டாவதில் அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து எழுந்த ஒரு கேள்வி, மூன்றாவதில் உங்கள் ப்ராஜெக்ட் இரண்டு வரி, கடைசியில் அடுத்த ஆண்டு இடம் இருக்குமா என்ற நேரடிக் கேள்வி. தன்விவரம் இரண்டு பக்கப் பி.டி.எஃப். ஆக இணைத்தால் போதும். மதிப்பெண் பட்டியல், ஆதார், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் வேண்டாம். "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா" என்று சாய்கோடு போட்டால் நாற்பது பேருக்கு ஒரே கடிதம் போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளிநாடு: உங்கள் அக்கா போனதில் மர்மமில்லை. ஜெர்மனியில் பிஎச்.டி. இடங்கள் பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை விளம்பரமாகவே வருகின்றன, எம்.எஸ்சி. போதும், நம் நெட்டை யாரும் கேட்பதில்லை. மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களின் ஆய்வுப் பள்ளிகள் மொத்தமாகவும் ஆள் எடுக்கின்றன. ஆனால் அங்கே இன்னொரு எம்.எஸ்சி. படிக்கப் போவது வேறு கதை. நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்க வேண்டும், ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) காட்ட வேண்டும். கையில் எம்.எஸ்சி. வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள்.

அமெரிக்காவில் பெரும்பாலான உயிரியல் துறைகள் ஜி.ஆர்.இ.யைக் கைவிட்டுவிட்டன, ஜி.ஆர்.இ. உயிரியல் பாடத்தேர்வே 2021-உடன் நின்றுபோனது. பயிற்சி மையம் வேறு சொன்னால் துறையின் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். கடைசித் தேதி அநேகமாக டிசம்பர் முதல் பாதி. மூலக்கூறு உயிரியல் திட்டங்களில் முதலாண்டு இரண்டு மூன்று ஆய்வகங்களில் சுழன்று பார்த்துவிட்டுக் கைடைத் தேர்ந்தெடுப்பார்கள். சூழலியலில் அப்படி இல்லை. ஒரு பேராசிரியர் "இவரை எடுக்கிறேன்" என்று சொன்னால்தான் சேர்க்கை. ஆகவே செப்டம்பரிலேயே அவருக்கு எழுதியிருக்க வேண்டும். இது தெரியாமல் எட்டுப் பல்கலைக்கழகங்களுக்குத் தலா 75, 100 டாலர் கட்டி எட்டிலும் நிராகரிப்பு வாங்குகிறார்கள். கட்டண விலக்கு கேளுங்கள், கேட்டால் பல இடங்களில் கிடைக்கும். ஒரே கூடையில் எல்லாவற்றையும் போடாதீர்கள்: 2025-இல் ஆய்வு நிதி ஆட்டம் கண்டபோது மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, கொடுத்த சேர்க்கைகளையே திரும்பப் பெற்றது.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். "நீயே எழுதிக் கொண்டுவாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பது நம் கல்லூரிகளில் சகஜம். மூன்றையும் நீங்களே எழுதினால் மூன்றும் ஒரே குரலில் இருக்கும், படிக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பதில் ஆசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்த வகுப்பு, என்ன செய்தீர்கள், எங்கே சிக்கல் வந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள். கல்லூரி முகவரியுள்ள மின்னஞ்சலிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். ஜிமெயிலிலிருந்து வருவதைச் சில பல்கலைக்கழகங்கள் சந்தேகமாகப் பார்க்கும். பல்கலைக்கழகத்திடமிருந்து வாங்க வேண்டிய டிரான்ஸ்கிரிப்டுக்கும் (எல்லாப் பருவ மதிப்பெண்களின் அதிகாரபூர்வத் தொகுப்பு) வாரக்கணக்கில் ஆகும், ஆகஸ்டிலேயே கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.

நேர்முகத்தில் சின்னக் கணக்கில் விழுகிறவர்கள் அதிகம். 0.5 மோலார் உப்புக் கரைசல் 250 மில்லி தயாரிக்க எவ்வளவு சோடியம் குளோரைடு? மூலக்கூறு எடை 58.44; விடை சுமார் 7.3 கிராம். பலகையில் பதற்றமில்லாமல் போட வேண்டும். உங்கள் துறையில் இப்படிக் கேட்கலாம்: மலை உச்சியில் ஒரு செடிக்கு இலை சிறிது, அடிவாரத்தில் அதே செடிக்கு இலை பெரிது, காரணம் மரபா, சூழலா? இரண்டு இடத்து விதைகளையும் ஒரே தோட்டத்தில் வளர்த்துப் பார்ப்பது என்று தொடங்கி, தாய்ச்செடியின் ஊட்டம் விதையில் தங்கியிருக்கலாம், ஆகவே ஒரு தலைமுறை கழித்து அளக்க வேண்டும் என்று போனால் நல்லது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

முதல் சுற்றில் ஒன்றும் அமையாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து அடுத்த நெட்டுக்குப் படிக்காதீர்கள். ப்ராஜெக்ட் அசோசியேட் வேலைக்கு நிறுவனங்களின் தளத்தில் ஆண்டு முழுக்க விளம்பரம் வரும், பலவற்றுக்கு நெட் கட்டாயமில்லை. அங்கே ஓராண்டு இருந்தால் உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒருவர் பரிந்துரைக் கடிதம் எழுதக் கிடைப்பார். கிளம்பும்போது அனுபவச் சான்றிதழில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, செய்த வேலை மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திட்டம் முடிந்து அலுவலகம் கணக்கை மூடிவிட்டால் பிறகு வாங்குவது கஷ்டம்.