தோட்டம் கேள்வி – பதில்: குரோக்கஸும் நம் மண்ணும்

கேள்வி: சென்ற ஐப்பசியில் இணையக் கடை ஒன்றில் பத்து குரோக்கஸ் கிழங்குகள் வாங்கி, மொட்டைமாடித் தொட்டிகளில் நட்டேன். மார்கழியில் நடுவே வெள்ளைக் கோடு ஓடிய மெல்லிய இலைகள் புல்லைப்போல் வந்தன. பூ மட்டும் வரவே இல்லை. மாசி வெயிலில் இலைகளும் கருகிவிட்டன. நான் செய்த தவறு என்ன? திருநெல்வேலியில் இந்தப் பூவைப் பார்க்க வழியே இல்லையா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தண்ணீரிலோ உரத்திலோ நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. குரோக்கஸ், குளிர்நாடுகளில் பனி விலகியதும் பூக்கும் செடி. அந்தக் கிழங்குக்கு வேண்டிய குளிர் பாளையங்கோட்டையில் இல்லை என்பதுதான் காரணம். இணையத்தில் விற்பவர்கள் பூவின் படத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள். இந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

குரோக்கஸ் கிழங்கை வெங்காயத்தின் உறவு என்று பலர் நினைக்கிறார்கள். குறுக்கே நறுக்கிப் பார்த்தால் அது அடுக்கடுக்காக இராது. சேனைக்கிழங்கைப்போல் உள்ளே ஒரே சதையாக இருக்கும். பள்ளிப் பாடநூல்கள் இவ்வகையைக் கந்தம் என்று சொல்லும். கோடையில் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும்போதே அடுத்த பருவத்துக்கான மொட்டு அதனுள் உருவாகிவிடுகிறது. ஆகவே நல்ல பருமனான கிழங்காக இருந்தால், உங்கள் கைக்கு வந்தபோதே அதற்குள் பூ இருந்திருக்கும். ஆனால் அந்த மொட்டு நீண்டு வெளியே வருவதற்கு, கிழங்கு சுமார் 12 முதல் 15 வாரங்கள் வரை, 2 முதல் 9 டிகிரி செல்சியஸ் குளிரில், ஈர மண்ணில் வேர்விட்டுக் கிடந்தாக வேண்டும். பனிக்காலத்தின் நடுவே வரும் இரண்டு நாள் வெயிலை நம்பி வெளியே வந்துவிட்டால், அடுத்த உறைபனியில் செடி மடிந்துபோகும்; குளிர் முழுவதுமாகக் கழிந்துவிட்டது என்று உறுதிப்பட்ட பிறகே பூக்கும்படி அது அமைந்திருக்கிறது. நம் ஊரிலோ தை மாதத்து இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

ஒருமுறையாவது பூவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால், அந்தக் குளிரைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் கொடுக்க வேண்டும். செம்மண், மணல், மட்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள சிறு தொட்டியில் நிரப்பி, நுனி மேலே இருக்கும்படி கிழங்குகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் நட்டு, லேசாக நனைத்து, அக்டோபர் முதல் வாரத்தில் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். மண் காய்ந்தால் சிறிது தண்ணீர் தெளித்தால் போதும். பழங்கள் அதே பெட்டியில் இருக்கக் கூடாது. பழுக்கும் வாழையும் ஆப்பிளும் வெளியிடும் எத்திலீன் வாயு மொட்டை உள்ளேயே கருக்கிவிடும். இது தெரியாத நாளில் நானும் ஒரு தொட்டியை வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் வைத்து, மூன்று மாதக் காத்திருப்பைப் பறிகொடுத்திருக்கிறேன். பொங்கல் முடிந்த கையோடு தொட்டியை வெளியே எடுத்து, கிழக்குப் பார்த்த, நேர் வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வைத்தால், இரண்டு மூன்று வாரங்களுக்குள் பூக்கக்கூடும்.

பூத்தால், அருகில் உட்கார்ந்து பாருங்கள். தண்டு என்று நாம் நினைக்கும் அந்த வெளிறிய பகுதி தண்டே அல்ல. இதழ்கள் ஒன்றுசேர்ந்து நீண்ட குழல் அது. சூலகம் மண்ணுக்குள் கிழங்கின் தலைமாட்டிலேயே இருக்கிறது. மேலே உறைபனி வந்தாலும் விதை பிறக்கும் இடத்துக்குச் சேதம் வராது. காற்றில் கொஞ்சம் சூடு ஏறினால் இதழ்களின் உட்புறம் விரைந்து வளர்ந்து பூ விரியும். குளிர்ந்தால் வெளிப்புறம் வளர்ந்து கூம்பும். நம் ஊர்ச் சூட்டில் அந்த விரிதலும் கூம்புதலும் ஓரிரு நாட்களில் முடிந்துவிடும்.

அதன் பிறகு அந்தக் கிழங்கை மறுபடி நட்டுப் பயனில்லை. குரோக்கஸ் ஆண்டுதோறும் பழைய கிழங்கின் மேல் புதிய கிழங்கை உருவாக்கிக்கொள்ளும் செடி. அதற்கு, பூத்து முடிந்தபின் பல வாரங்கள் இதமான குளிரில் இலைகள் பசுமையாக நின்று உணவு சேர்க்க வேண்டும். மாசி, பங்குனி வெயிலில் அது நடவாது. பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டுவதற்காகச் செய்யுங்கள். ஆண்டுதோறும் காசு கொடுத்துக் கிழங்கு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிநாட்டு உறவினர்களிடம் சொல்லிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரவும் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, உரிய அனுமதியும் நோயின்மைச் சான்றும் இல்லாமல் நடவுக்கிழங்குகளை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. நம் பயிர்களைக் காக்கும் விதி அது.

கேள்வி: சொந்த ஊர் அம்பாசமுத்திரம், இப்போது மகன் குடும்பத்துடன் டொராண்டோவில் இருக்கிறேன். இந்தக் குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்தது. பனி கரைந்ததும் குரோக்கஸ் முளைகள் தலைகாட்டின. மறுபடி பனி கொட்டி அவற்றை மூடிவிட்டது. சில கிழங்குகள் மண்ணுக்கு மேலே வந்து கிடக்கின்றன. வெந்நீர் ஊற்றலாமா என்று மருமகள் கேட்கிறாள். என்ன செய்வது?
– வாசகர், டொராண்டோ

பதில்: வெந்நீர் வேண்டவே வேண்டாம். மூடிய பனியைச் சுரண்டி எடுக்கவும் வேண்டாம். பனிப்படலத்துக்குள் காற்று சிறைப்பட்டிருப்பதால் அது முளைகளுக்குப் போர்வைபோல் உதவும். பனி மூடாத வெறும் தரையில் அடிக்கும் கடுங்குளிர்தான் அதைவிடக் கெடுதல். கூம்பிய மொட்டுகள் இலேசான உறைபனியைத் தாங்கும். விரிந்துவிட்ட பூக்கள் சில கண்ணாடிபோலாகி வாடலாம், கிழங்கு பிழைத்துக்கொள்ளும்.

கிழங்குகள் மேலே வந்ததற்குக் காரணம் மண்ணின் ஈரம். பகலில் இளகி இரவில் உறையும்போது மண்ணிலுள்ள நீர் பனிக்கட்டியாகிப் பருத்து, மேலாக நட்ட கிழங்கை உந்தித் தள்ளிவிடுகிறது. மேலே கிடப்பவற்றை, மண் இளகியிருக்கும் பகலில், வேர் அறாமல் மெதுவாக அமுக்கி, இரண்டு விரற்கடை மண்ணையும் காய்ந்த இலைச்சருகையும் மேலே போட்டு மூடுங்கள். இப்போதே ஆழமாகத் தோண்டி நட்டால் வேர் அறுந்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் புதிதாக நடும்போது 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில், நீர் தேங்காத இடத்தில் நடுங்கள். சுருங்கி இழுக்கும் தன்மையுள்ள வேர்கள் இந்தச் செடிக்கு உண்டு. காலப்போக்கில் கிழங்கைத் தனக்கு வேண்டிய ஆழத்துக்கு அவையே இழுத்துக்கொள்ளும். அணில் தோண்டித் தின்றால் நட்ட இடத்தின்மேல் கம்பிவலை விரித்து மண் போடுங்கள். வலையின் கண்களுக்குள் முளை நுழைந்து வரும்.

ஒன்றை மட்டும் மருமகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பூ முடிந்தபின் இலைகள் தலைமுடிபோல் சாய்ந்து பார்வைக்கு நன்றாக இராது. ஆனாலும் அவை தாமாக மஞ்சளாகும்வரை, சுமார் ஆறு வாரங்கள், புல்வெட்டியை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கடுங்குளிருக்குத் தப்பிய கிழங்கு, இலையை முன்கூட்டியே அறுப்பதால் மெலிந்து, அடுத்த ஆண்டு பூக்காமல் போவது உண்டு.

கேள்வி: குங்குமப்பூவும் குரோக்கஸ் இனம்தான் என்கிறார்கள். எங்கள் கரிசலில் அரை ஏக்கரில் போட்டால் லட்சக்கணக்கில் வருமானம் என்று காணொளிகளில் பார்க்கிறேன். நம்பலாமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: நம்பாதீர்கள். இனம் ஒன்றுதான், ஆனால் குங்குமப்பூச் செடி இலையுதிர்காலத்தில் பூப்பது. காஷ்மீரின் பாம்பூர் மேட்டுநிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பூவெடுக்கிறார்கள். நாம் வாங்கும் குங்குமப்பூ அந்தப் பூவின் சூல்முடி இழைகள்தான். ஒரு பூவுக்கு மூன்று இழைகள் மட்டுமே. ஒரு கிலோ காய்ந்த குங்குமப்பூவுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். ஐப்பசி மழையில் கரிசல் ஊறி, உப்பி, நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும்; இந்தக் கிழங்கு அதில் அழுகிவிடும். குளிர்பதன அறைக்குள் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் அறையின் செலவும் மின்கட்டணமும்தான் பெரிய கணக்கு. காணொளியில் அந்தக் கணக்கைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் நிலத்துக்கு உளுந்தும் பருத்தியும் சோளமும் பொருத்தம்.

கேள்வி: பனி விலகியதும் தரையைப் பிளந்துகொண்டு வரும் பூக்களைப் படத்தில் பார்க்கும்போது ஆசையாக இருக்கிறது. அப்படித் திடீரென்று வரும் கிழங்குப் பூக்கள் நம் பக்கத்துக்கு எவை?
– வாசகி, வள்ளியூர்

பதில்: அங்கே கிழங்கு பனி முடிவதற்குக் காத்திருக்கிறது, இங்கே மழை தொடங்குவதற்குக் காத்திருக்கிறது. கார், பிசானம் என்று தண்ணீரை வைத்தே நெற்பருவத்தைப் பிரித்த ஊர் நம்முடையது. நமக்கேற்ற கிழங்குப் பூக்களும் தண்ணீரைப் பார்த்தே எழுபவை.

முதலில் மழை லில்லி. பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள் என்றாலும் நம் செவல் மண்ணுக்கு நன்றாகப் பழகிவிட்டது. உருவத்திலும் குரோக்கஸை நினைவூட்டும். காய்ந்து கிடந்த பாத்தியில் ஒரு நல்ல மழை பெய்தால், சில நாட்களில் இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் கூட்டமாக எழும். மணல் கலந்த மண்ணில், இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில், பத்துப் பன்னிரண்டாகச் சேர்த்து நடுங்கள். தனித்தனியாக நட்டால் பார்வைக்கு எடுபடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த நேரத்தில், என் பாத்தியின்மேல் ஒரு சாண் வண்டல் படிந்தது. வண்டலை வழித்தெடுத்து மண்ணைக் கிளறிவிட்டேன். அடுத்த கோடைமழைக்கு மழை லில்லி பூத்தது. ஓரத்தில் இருந்த செங்காந்தள் கிழங்குகள் நீர் தேங்கி அழுகிவிட்டன. ஆகவே செங்காந்தளுக்கு மேட்டுப்பாத்தி கட்டாயம்.

இரண்டாவது அந்தச் செங்காந்தள்தான். நம் மாநில மலர். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்றும் சொல்கிறோம். ஆடியில் நட்டால் மழைக்காலத்தில் கொடியேறி, இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கி வேலியைப் பிடித்துக்கொண்டு பூக்கும். மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும் அந்த நிறமாற்றத்தை நாள்தோறும் பார்க்கலாம். கிழங்கு எளிதில் ஒடியும். முளை அதன் நுனியில் இருப்பதால், நுனி முறிந்தால் முளைக்காது.

செங்காந்தளின் எல்லாப் பாகங்களும், குறிப்பாகக் கிழங்கும் விதையும், கொல்லும் நஞ்சு. கோல்கிசின் என்னும் அந்த நஞ்சு, குளிர்நாடுகளில் குரோக்கஸ் என்று தவறாக எண்ணப்படும் கோல்கிகம் பூவிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம். குரோக்கஸ் பூவில் மகரந்தத் தாள் மூன்று, கோல்கிகத்தில் ஆறு என்று அங்கே எண்ணிப் பார்த்து அடையாளம் காண்கிறார்கள். நமக்கு வேறொரு எச்சரிக்கை வேண்டும். கொடி காய்ந்து கிழங்கு தோண்டும் நாட்களும், பொங்கலுக்குச் சிறுகிழங்கும் சேனையும் வீட்டுக்குள் வரும் நாட்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. தோண்டிய செங்காந்தள் கிழங்கை அடுக்களைக் கடகத்தில் ஒருபோதும் போடாதீர்கள். உலர்ந்த மணலில் புதைத்து, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கையுறை அணிந்து தொடுங்கள். மழை லில்லியின் கிழங்கும் தின்னத் தகாதது. யாராவது வாயில் போட்டுவிட்டதாகச் சிறு ஐயம் இருந்தாலும், வாந்தி வருகிறதா என்று பார்த்துக் காத்திராமல், மிச்சக் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.