எட்டுப் பேரும் எல்இடி திரையும்

கேள்வி: எங்கள் ஊர் கன்வென்ஷனுக்கு வந்த பிரசங்கியார், "ஐரோப்பாவில் ஆலயங்களைப் பூட்டுகிறார்கள். உலகத் திருச்சபையின் எதிர்காலம் இனி ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும்தான். அதாவது, உங்கள் கையில்!" என்றார். எல்லோரும் கைதட்டினோம். ஆனால் எங்கள் சபையில் புதன்கிழமை வேதபாடத்துக்கு வருவது எட்டுப் பேர். வாலிபர்களைக் காணவே காணோம். அவர்களை வரவழைக்க எல்இடி திரையும் புது சவுண்ட் சிஸ்டமும் வாங்கலாம் என்று கமிட்டியில் பேச்சு நடக்கிறது. சபையின் ஆவிக்குரிய வளர்ச்சிக்கு இது உதவுமா?
- ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: திரை வாங்காதீர்கள், சகோதரரே. இந்த வருஷம் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பிரசங்கியார் சொன்ன கணக்கு. அது சரிதான். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 1910இல் உலகக் கிறிஸ்தவர்களில் நூற்றுக்கு 66 பேர் ஐரோப்பாவில் இருந்தார்கள். 2020இல் அது 22 ஆகிவிட்டது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் அன்று நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை, இன்று ஏறக்குறைய 31 பேர். அந்தப் பெருக்கத்துக்கு அங்கே பிள்ளைகள் அதிகம் பிறப்பதும் ஒரு பெரிய காரணம். ஐரோப்பாவில் சுருங்கியதற்கு, ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவர்களே "எனக்கு மதம் இல்லை" என்று விலகிப்போனது பெரிய காரணம்.

"உங்கள் கையில்" என்றாரே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஆசியா என்றதும் நாமும் வரிசையில் போய் நின்றுகொள்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம். தமிழ்நாட்டில் 6.12 சதவீதம். நைஜீரியாவிலும் பிலிப்பைன்ஸிலும் ஆலயங்கள் நிரம்பி வழிந்தால் ஆற்காட்டு சபை வளர்ந்ததாக ஆகிவிடாது.

இன்னொன்று. திருச்சபையின் மையம் இடம் மாறுவது இது முதல் தடவையும் அல்ல. வட ஆப்பிரிக்காவில் அகுஸ்தீன் பிஷப்பாக இருந்த ஹிப்போ நகரம் இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிறது. அங்கே இப்போது கிறிஸ்தவர்கள் மிகச் சிலரே. பவுல் நிருபம் எழுதிய எபேசு, துருக்கியில் சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டுப் போகும் இடிபாடு. "ஆதி அன்பை விட்டாய்" என்று அந்த சபைக்குத்தான் வெளிப்படுத்தின விசேஷத்தில் எச்சரிக்கை வந்தது. மனந்திரும்பாவிட்டால் சபைக்கு அடையாளமான விளக்குத்தண்டை எடுத்துவிடுவேன் என்றும் சொல்லப்பட்டது. விளக்குத்தண்டுக்கு எந்த ஊரிலும் பட்டா கிடையாது. ஐரோப்பாவில் ஒரு ஆலயம் பூட்டப்படுகிறது என்று கேட்டால் நமக்குக் கைதட்டத் தோன்றக்கூடாது. 1853இல் உங்கள் ஊர்ப் பெயரிலேயே ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்கள் அமெரிக்காவின் ரிஃபார்ம்ட் சபையைச் சேர்ந்தவர்கள். அதன் அங்கத்தினர் எண்ணிக்கையும் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் பாட்டிமாருக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கப் பணம் அனுப்பிய வீடு அது. அந்த வீடு காலியாகிறது என்றால் நமக்குத் துக்கம் வரவேண்டும்.

சரி, ஆவிக்குரிய வளர்ச்சிக்கு வருவோம். இந்தப் பத்திரிகைக்கு வரும் மணமகள் தேவை விளம்பரங்களை நான்தான் பார்த்து அனுப்புகிறேன். "ஆவிக்குரிய குடும்பம், ஜெபிக்கிற பெண் தேவை" என்று முதல் வரி இருக்கும். அடுத்த வரியில் சாதியின் பெயர் இருக்கும், உட்பிரிவோடு. ஒரே கையெழுத்து, ஒரே மை. மூன்று தலைமுறையாகத் திருவிருந்து எடுக்கிற வீடுகளிலிருந்து வருகிறவை இவை. எத்தனை உபவாச ஜெபம், எத்தனை கன்வென்ஷன் போனாலும் இந்த இரண்டாவது வரி அழியவில்லை என்றால் வளர்ந்தது எது? இதை எழுதும்போது எனக்கு மனது வலிக்கிறது. ஆனால் நீங்கள் வளர்ச்சி என்று கேட்டுவிட்டீர்கள், நான் இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

உலகத் திருச்சபை எங்கே இருக்கிறது என்றும் உங்களுக்குக் காட்டுகிறேன். ஆற்காட்டில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜுக்கு, தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். அந்தத் தெருக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போர்டுகள் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கும். சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் அங்கே தங்கி, அறையிலேயே பொங்கித் தின்று காலம் தள்ளுகிறார்கள். அடுத்த அறை வாசலில் மிசோரமிலிருந்து வந்த ஒரு மிசோ அம்மா, நாற்பத்தைந்து வயது இருக்கும், கேஸ் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அரிசி அளந்துகொண்டிருந்தார். இரண்டு டம்ளர் பாத்திரத்தில் போட்டார். அப்புறம் அதிலிருந்தே ஒரு பிடி அள்ளி, சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். அவருக்கும் அரைகுறைதான். "சபைக்கு" என்றார். ஊருக்குப் போனதும் இதற்குரிய காசைக் கட்டிவிடுவாராம். உள்ளே கட்டிலில் கணவர் படுத்திருந்தார், கீமோ முடிந்து மூன்றாம் நாள்.

மிசோரம் பிரஸ்பிடேரியன் சபையில் நூறு வருஷத்துக்கு மேலாக இது நடக்கிறது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனியே எடுத்துவைப்பார்கள். அதைச் சேர்த்து விற்ற பணமே வருஷத்துக்குப் பல கோடி ரூபாய். அந்தப் பணத்தில் நாட்டின் மற்ற பகுதிகளுக்கு மிஷனரிகளை அனுப்புகிறார்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேறொன்று ஞாபகம் வரவேண்டும். நம் பக்கத்துச் சபைகளிலும் பிடி அரிசிக் காணிக்கை இருந்தது. பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் பித்தளைச் செம்பில், சுருக்குப் பையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். சில கிராமச் சபைகளில் இன்னும் இருக்கிறது. உங்கள் சபையில் அது எந்த வருஷம் நின்றது என்று வயதான பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நான் அங்கிருந்த ஒரு மணி நேரத்தில் அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஓ பாசிட்டிவ் ரத்தம் கொடுக்க யாராவது தெரியுமா?" வேலூருக்கு வந்து நான்கு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குப் போயிருக்கிறார். தமிழ் ஆராதனையில் பின் பெஞ்சில் உட்கார்ந்து, ராகம் தெரிந்த கீர்த்தனை வந்தால் மிசோவில் பாடிவிட்டு வருவாராம். வாசலில் கைகுலுக்கியவர்கள் உண்டு. எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் கூடிய அந்த இடத்தில் ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. அதில் ஒருவர் நம் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா. மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து அவர் சொன்னதன் சாரம் இது: ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பையும் தாருங்கள், நண்பர்களைத் தாருங்கள். அன்று நாம் கேட்கிற இடத்தில் இருந்தோம். இன்று காந்தி ரோட்டில் நாம் கொடுக்கிற இடத்தில் இருக்கிறோம்.

வாலிபர்கள் திரை இல்லாததால் வராமல் இருக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. அதைவிட நல்ல திரை ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. நாம் அவர்களுக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டவும் அசன விருந்தில் பரிமாறவும் கூப்பிடுகிறோம், மற்ற நாளில் உட்கார்ந்து கேட்கச் சொல்கிறோம். உங்கள் எட்டுப் பேரை வைத்தே தொடங்குங்கள். வருகிற புதன்கிழமை வேதபாடத்தில் நல்ல சமாரியன் உவமையை எடுங்கள். சனிக்கிழமை அந்த எட்டுப் பேரும், ஆளுக்கு ஒரு வாலிபனைக் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் போங்கள். வாலிபர்களிடம் ரத்த வகையைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களில் இந்தி தெரிந்தவன் ஒருவன் இருப்பான், ராணிப்பேட்டை சிப்காட்டில் வடமாநிலத்துக்காரர்களோடு வேலை செய்து கற்றுக்கொண்டிருப்பான். இத்தனை நாள் சபையில் அவனுக்கு ஒரு பொறுப்பும் இருந்திருக்காது. அன்றைக்கு அவனைத்தான் முன்னால் நடக்கவிட வேண்டும்.

போதகரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அவரும் வந்தால் நல்லது. கையில் பைபிளைவிட முதலில் அரிசி கொண்டுபோங்கள். பச்சரிசியாகப் பாருங்கள். நம் புழுங்கலரிசி எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அவர்கள் ஊர்ச் சோறு மாதிரி குழைவதில்லை என்று அந்த அம்மா சொன்னார்.