வெளிநாடுகளில் குடியேறிய வங்காளிகளின் பண்பாட்டை அவர்களுடைய சங்கங்கள் உண்மையிலேயே காப்பாற்றுகின்றனவா?

காப்பாற்றுகின்றன, ஆனால் எல்லாச் சங்கங்களும் இல்லை. நான் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். இங்கிருந்து ரயிலில் சில நிறுத்தங்கள் போனால் வங்காளிகள் நிறைந்த வைட்சேப்பல், பிரிக் லேன். அந்த வட்டாரத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். பிழைப்புக்கும் பாதுகாப்புக்கும் என்று ஆரம்பித்த சங்கங்கள்தாம் அங்கே பண்பாட்டையும் தாங்கி நிற்கின்றன. விழாவுக்கென்றே ஆரம்பித்தவை விழாவை மட்டும் காப்பாற்றுகின்றன.

கிழக்கு லண்டன் வங்காளிகளில் பெரும்பாலோர் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியைச் சேர்ந்தவர்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் வேலைக்கு வந்து, துறைமுகத்தில் இறங்கித் தங்கிவிட்டவர்களிடமிருந்து தொடங்கும் வரலாறு அது. அவர்கள் 1950-களில் பாகிஸ்தான் நலச் சங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். 1971-இல் வங்கதேசம் பிறந்தபோது அதுவே வங்கதேச நலச் சங்கமாகப் பெயர் மாறியது. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், நலச் சங்கம்! வந்து இறங்கியவனுக்கு முதல் கவலை கடிதமும் விண்ணப்பமும் வேலையும் தங்க ஓர் இடமும்தானே.

வீடுதான் இந்தக் கதையின் மையம் என்பேன். 1970-களில் அங்கே குடும்பங்களுக்கு வீடு கிடைப்பது பெரும்பாடு. கிடைத்தாலும், இனவெறித் தாக்குதல் நடக்கும் குடியிருப்புகளில் தனித்துப்போய் மாட்டிக்கொள்ள வேண்டும். 1976-இல் வங்காளி வீட்டுவசதிப் போராட்டக் குழு என்று ஒன்று உருவானது. பூட்டிக் கிடந்த கட்டடங்களில் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். எங்கள் ஆட்களுக்கு நடுவே, பயமில்லாத இடத்தில்தான் வீடு வேண்டும் என்று நின்றார்கள். பக்கத்து வீட்டிலும் மாடிப்படியிலும் மீன் கடையிலும் வங்காளம் பேச ஆள் இருந்தது அதனால்தான். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்த இடங்கள் அடங்கிய டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் 34.6 விழுக்காட்டினர் வங்கதேச வழியினர். எந்தக் கலைநிகழ்ச்சியும் செய்ய முடியாததை இந்த அக்கம்பக்கம் செய்திருக்கிறது.

1978 மே 4 மாலை, ஆல்தாப் அலி என்ற இளம் ஆயத்த ஆடைத் தொழிலாளி வேலை முடித்துத் திரும்பும்போது வைட்சேப்பலில் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து ஏறத்தாழ 7,000 பேர் அவர் சவப்பெட்டியின் பின்னால் டவுனிங் தெரு வரை நடந்தார்கள். அவர் விழுந்த இடத்தருகே இருந்த செயின்ட் மேரி பூங்காவுக்கு 1998-இல் அவர் பெயரே வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதற்குள் ஒரு ஷஹீத் மினார் எழுந்தது. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்காள மொழிக்காகச் சுடப்பட்டு இறந்தவர்களின் நினைவுச் சின்னம் அது. ஆண்டுதோறும் அந்த நள்ளிரவில் அமைப்பு அமைப்பாக மலர்வளையத்தோடு வரிசையில் நிற்பார்கள். மொழிப்போர் ஈகியருக்கு ஜனவரி 25-இல் அஞ்சலி செலுத்தும் ஊரிலிருந்து வந்த எனக்கு, அந்த வரிசையில் நிற்க யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2022-இல் வைட்சேப்பல் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் வங்காள எழுத்து ஏறியதும் இந்தத் தொடர்ச்சியில்தான்.

சிறு குழுவால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குக் கனடாவின் வான்கூவரைச் சொல்வேன். அங்கே குடியேறிய ரஃபிகுல் இஸ்லாம், அப்துஸ் சலாம் என்ற இரு வங்காளிகள், பிப்ரவரி 21-ஐ உலகத் தாய்மொழி நாளாக அறிவிக்கக் கேட்டு 1998-இல் ஐ.நா.வுக்கு எழுதினார்கள். பல மொழிக்காரர்களைச் சேர்த்து ஒரு குழுவும் அமைத்தார்கள். ஓர் அரசு முன்மொழிய வேண்டும் என்று பதில் வந்ததும் வங்கதேச அரசை அணுகினார்கள். 1999 நவம்பர் 17-இல் யுனெஸ்கோ அறிவித்தது. தம் மொழிக்கு மட்டும் கேட்காமல் எல்லார் மொழிக்கும் கேட்டார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கொல்கத்தாவிலிருந்து வந்தவர்களின் துர்கா பூஜைச் சங்கங்கள் வேறு வகை. லண்டனில் 1963-இலிருந்து பூஜை நடக்கிறது. கொல்கத்தாவில் சிலை செய்வோர் வாழும் குமார்துலியிலிருந்து சிலை வருகிறது. பல இடங்களில் அதைக் கரைக்காமல் பெட்டியில் வைத்து மறு ஆண்டும் எடுக்கிறார்கள். புஷ்பாஞ்சலி, கிச்சுடி என்ற அரிசி பருப்புச் சோறு, தாக் மேளம், சாம்பிராணிச் சட்டி ஏந்தி ஆடும் துனுச்சி நடனம் என்று ஒன்றும் குறைவதில்லை. அந்த உழைப்பை மனதார மதிக்கிறேன். ஆனால் குடும்பங்கள் புறநகரெங்கும் சிதறிக் கிடக்கின்றன. பிள்ளைக்கு வங்காளம் வீட்டிலும் பூஜை மண்டபத்திலும் மட்டும். பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிற பிள்ளைகள் உண்டு.

பிரிக் லேன் பக்கமும் ஒரு குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். வீட்டில் பேசுவது சில்ஹெட் பகுதியின் பேச்சான சில்ஹெட்டி. மாலை வகுப்பில் கற்பிப்பதோ எழுத்து வங்காளம். பாட்டி பேசுவதைக் கொச்சை என்று கருதும் வகுப்புக்குப் பிள்ளை எத்தனை நாள் விருப்பத்தோடு போகும்? சில்ஹெட்டிக்குத் தனி எழுத்தே இருந்தது, சில்ஹெட்டி நாகரி. அதில் அச்சான நூல்களும் உண்டு. வீட்டுப் பேச்சிலிருந்து பாடத்தைத் தொடங்கி, பிறகு எழுத்து வங்காளத்துக்குப் போகலாம். ஒரு சங்கத்தில் உங்களுக்குப் பேச வாய்ப்பு இருந்தால், அடுத்த கலைவிழாச் செலவில் ஒரு பங்கை அப்படி ஒரு வகுப்புக்குக் கேளுங்கள்.